மாட்டிய மீட்டரை எங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டுங்கள்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஊர்களில் மின் விநியோகத்துக்குப் பொறுப்பான பொறியாளர்களுக்கும், பிரிவு அலுவலகங்களில் புகார் மனு வாங்கும் அதிகாரிகளுக்கும்,

சக்கர மீட்டரைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மீட்டர் மாட்டிய பிறகு கரண்ட் பில் ஏறிவிட்டது என்று மனு கொண்டுவருகிறவர்களை, "டிஜிட்டல் மீட்டர் தப்பா காட்டாது" என்ற ஒரே பதிலோடு திருப்பி அனுப்புகிறீர்கள். மனுவைக் கையில் வாங்குவதுகூட இல்லை. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. மீட்டர் சரியா தவறா என்பது சோதித்துச் சொல்ல வேண்டிய விஷயம். கவுண்டரில் உட்கார்ந்தபடி சொல்லக்கூடியது அல்ல.

நான் வயர்மேன். சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம், கொசப்பேட்டை, காகிதப்பட்டறை, பாகாயம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடி என்று வேலூரைச் சுற்றியுள்ள வீடுகளில் வயரிங் செய்துதான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். சக்கர மீட்டர் இருந்த காலத்து போர்டுகளையும் பார்த்திருக்கிறேன், அதே சுவரில் டிஜிட்டல் மீட்டர் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். மீட்டரின் சீலை நான் தொட்டதில்லை. அது உங்கள் எல்லை. மீட்டருக்கு அப்புறம் வீட்டுக்குள் போகும் வயர் என் எல்லை. இந்த இரண்டு எல்லைகளும் சேரும் இடத்தில்தான் இன்று ஏழைகளின் பணம் போகிறது.

டிஜிட்டல் மீட்டரே மோசடி என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சக்கர மீட்டர் எப்படி வேலை செய்தது என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரு அலுமினியத் தட்டு. அதன் ஒரு பக்கம் மெல்லிய கம்பி நிறையச் சுற்றிய வோல்டேஜ் சுருள், இன்னொரு பக்கம் தடித்த கம்பி சில சுற்று மட்டும் சுற்றிய கரண்ட் சுருள். இரண்டும் சேர்ந்து தட்டைச் சுழற்றும். கட்டுப்பாடில்லாமல் ஓடிவிடாமல் ஒரு நிரந்தரக் காந்தம் பிரேக் பிடிக்கும். எவ்வளவு வாட் ஓடுகிறதோ அந்த வேகத்தில் தட்டு சுற்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த இந்த அமைப்பு நூறு வருடத்துக்கு மேல் உலகம் முழுவதும் ஓடியது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அசைகிற பொருள் எதுவும் தேயும். பேரிங் தேய்ந்து தூசி ஏறினால் தட்டு மெதுவாகச் சுற்றும், யூனிட் குறைவாக விழும். பிரேக் காந்தம் வலுவிழந்தால் தட்டு வேகமெடுக்கும், யூனிட் அதிகமாக விழும். இரண்டு வகையையும் பார்த்தவன் நான். காட்பாடியில் ஒரு வீட்டில் டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு பில் இறங்கியது. அந்த வீட்டுக்காரர்கள் அதுவரை எத்தனை வருடம் அதிகமாகக் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பழைய மீட்டரைச் சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சின்ன லோடு விஷயத்திலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 5-30 ஆம்பியர் டிஜிட்டல் மீட்டர், துல்லியத்தில் முதல் தர வகுப்பு (கிளாஸ் 1) என்றால், 20 மில்லி ஆம்பியரிலேயே எண்ணத் தொடங்க வேண்டும். 230 வோல்ட்டில் அது ஐந்து வாட்டுக்கும் குறைவு. சக்கர மீட்டரும் புதிதாக வந்தபோது கிட்டத்தட்ட அந்த அளவில் அசைந்திருக்கும். இருபது வருடம் சுவரில் தொங்கிய பிறகு அசையாது. இன்று எந்த வீட்டில் செட்டாப் பாக்ஸை ராத்திரி அணைக்கிறார்கள்? பத்து வாட் எடுக்கும் ஒரு பெட்டி இரண்டு மாதம் அணையாமல் இருந்தால் 14.4 யூனிட். பக்கத்தில் வைஃபை பெட்டி இருந்தால் இன்னொரு 14 யூனிட். பழைய மீட்டர் பார்க்காமல் விட்டதைப் புதிய மீட்டர் பார்க்கிறது. இதைப் போகிற வீடுகளில் எல்லாம் நான்தான் விளக்கிச் சொல்கிறேன். இதைச் சொல்ல வேண்டியது நீங்கள். மீட்டர் மாற்றும் அன்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் வாசலில் பாதி வரிசை இருக்காது.

இனி, நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

கொசப்பேட்டையில் ஒரு பழைய வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடு, கீழே ஒரு சர்வீஸ், மேலே ஒரு சர்வீஸ். கீழே எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். மேலே வாடகைக்கு இருக்கும் குடும்பம், ஏசி வைத்திருக்கிறார்கள். கீழ் வீட்டில் சக்கர மீட்டரை மாற்றிய அடுத்த கணக்கீட்டிலேயே பில் இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா, ரெண்டு ஃபேனு, ஒரு ஃபிரிட்ஜு, காலைல ஒரு தடவ மிக்சி. எனக்கு எப்படிப்பா இவ்ளோ வரும்?" என்று கேட்டார். அவரோடு அலுவலகத்துக்கு நானும் வந்தேன். "மீட்டர்ல ஒண்ணும் இல்லம்மா, உங்க வீட்டு வயரிங்கப் பாருங்க" என்றார்கள். அவ்வளவுதான் பதில்.

வயரிங்கைப் பார்த்தேன். மீட்டரில் எர்த் லைட் எரிந்துகொண்டே இருந்தது. அந்த விளக்கு எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்குள் கரண்ட் வரும் வயர் பேஸ், அது திரும்பிப் போகும் வயர் நியூட்ரல். சக்கர மீட்டர் பேஸ் வயரில் போகும் கரண்டை மட்டும் அளந்தது. நம் ஊர் டிஜிட்டல் மீட்டர் பேஸ், நியூட்ரல் இரண்டையும் அளக்கிறது. இரண்டும் சமமாக இல்லையென்றால் அந்த விளக்கை எரியவிட்டு, எது அதிகமோ அதை வைத்து யூனிட் போடுகிறது. நியூட்ரலைக் கழற்றி மண்ணில் எர்த் அடித்துத் திருடுகிறவர்களைப் பிடிப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. திருட்டைத் தடுப்பது நியாயம்தான்.

ஆனால் அந்த வீட்டில் திருட்டு எதுவும் இல்லை. பாகம் பிரிக்கும்போது செய்த வயரிங்கில் மேல் வீட்டு நியூட்ரலும் கீழ் வீட்டு நியூட்ரலும் ஒரே இடத்தில் முறுக்கிச் சேர்க்கப்பட்டிருந்தன. மேலே 6 ஆம்பியர், கீழே 1 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். மொத்தம் 7. திரும்பி வரும்போது அது இரண்டு நியூட்ரலிலும் சரிபாதியாகப் பிரிந்தால் ஆளுக்கு 3.5. மேல் வீட்டு மீட்டருக்குப் பேஸில் 6, நியூட்ரலில் 3.5 தெரியும், அது 6-க்குக் கணக்குப் போடும். கீழ் வீட்டு மீட்டருக்குப் பேஸில் 1, நியூட்ரலில் 3.5 தெரியும், அது 3.5-க்குக் கணக்குப் போடும். அந்த அம்மா செலவழித்தது 1. கட்டியது 3.5-க்கு. மேல் வீட்டுக்காரர் தன் கரண்டுக்கு முழுதாகப் பணம் கட்டியாயிற்று. அதே கரண்டுக்குக் கீழ் வீடும் பணம் கட்டியது. இரண்டு வீட்டையும் கூட்டினால் கம்பத்திலிருந்து வந்த மின்சாரத்தைவிட அதிக யூனிட்டுக்கு வசூல் ஆகியிருக்கிறது.

மீட்டரைக் கழற்றிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் அது சரியாகத்தான் இருக்கும். மீட்டர் சரி, பில் தவறு. "டிஜிட்டல் மீட்டர் தப்பா காட்டாது" என்ற பதில் எவ்வளவு அநியாயமாக முடிகிறது என்று இங்கே பாருங்கள். மீட்டரை மாட்டிய ஊழியருக்கு அந்த விளக்கு எரிவது தெரிந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவரும் பார்த்திருப்பார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நியூட்ரல்களை நான் பிரித்துக் கொடுத்ததும் விளக்கு அணைந்தது, அடுத்த ரீடிங்கில் யூனிட் பழைய அளவுக்கு இறங்கியது. இடையில் அதிகம் கட்டிய பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, வயரிங் தவறு நுகர்வோருடையது என்றார்கள். சக்கர மீட்டர் இருந்த வரையில் அந்த வயரிங்கால் ஒருவருக்கும் பில் ஏறவில்லையே. அளக்கும் முறையை மாற்றியது நீங்கள். மாற்றியதை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுடையது. கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம் பக்கம் பாகம் பிரித்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆற்காட்டிலும் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் இதே மாதிரி வீடுகள் உண்டு. எத்தனை வீடுகளில் அந்தச் சிவப்பு விளக்கு இப்போது எரிகிறதோ, அத்தனை வீடுகளிலும் யாரோ ஒருவர் செலவழிக்காத கரண்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம்.

"சில யூனிட் வித்தியாசம், அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு" என்று ஒரு அதிகாரி கேட்டார். நம் கட்டண முறையில் சில யூனிட் என்பது சின்ன விஷயமே இல்லை. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய் படி மறைந்துபோகிறது, 101-லிருந்தே 4.50. 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். கணக்குப் போட்டால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். பிறகு விகிதங்கள் மாறியிருக்கின்றன. கணக்கு புரிவதற்காக இந்த அட்டவணையைச் சொல்கிறேன்.

முதல் தர மீட்டருக்குத் தரநிலை அனுமதிக்கும் பிழை வழக்கமான லோடில் கூட்டியோ குறைத்தோ 1 சதவீதம். உண்மையில் 497 யூனிட் செலவழித்த வீட்டில் மீட்டர் 501 காட்டினால் அந்த மீட்டர் விதிப்படி நல்ல மீட்டர். பில் மட்டும் 1,707-லிருந்து 1,958 ஆகிவிடும். வேலூர் வெயிலில் மே மாதம் யார் வீட்டில் ஃபேன் நிற்கிறது? அக்னி நட்சத்திரக் கணக்கீட்டில் இந்த 500 வாசலில் வந்து நிற்கும் வீடுகள் ஏராளம். அப்படி இருக்கும்போது மீட்டர் எவ்வளவு பிழையோடு ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு இல்லையா?

ரீடிங் தாமதமாக எடுப்பதும் இதே குழியில்தான் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60 நாளுக்கு 480 யூனிட், 1,605 ரூபாய். நான்கு நாள் கழித்து வந்தால் 512 யூனிட், 2,046 ரூபாய். அடுத்த முறை 56 நாளில் 448 யூனிட், 1,413 ரூபாய். இரண்டு பில்லையும் கூட்டிப் பாருங்கள். நேரத்துக்கு வந்திருந்தால் 3,210, தாமதமானதால் 3,459. அந்த 249 ரூபாய்க்கு நுகர்வோர் செய்த தவறு என்ன?

மீட்டரைச் சோதிப்பது ஏதோ பெரிய ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடக்கக்கூடியது என்ற எண்ணத்தை நீங்களே வளர்த்துவிட்டீர்கள். துல்லியச் சான்றிதழுக்கு உங்கள் கருவி வேண்டும், மறுக்கவில்லை. பெரிய கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. மீட்டர் முகப்பில் 3200 இம்பல்ஸ் என்று போட்டிருந்தால், ஒரு யூனிட்டுக்கு அந்தச் சின்ன விளக்கு 3,200 முறை சிமிட்டும். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு 1000 வாட் வாட்டர் ஹீட்டரை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு 53 சிமிட்டல் வர வேண்டும். சக்கர மீட்டரில் யூனிட்டுக்கு 600 சுற்று என்று இருந்தால் நிமிடத்துக்குப் பத்து சுற்று. ஆனால் வோல்டேஜைப் பார்க்காமல் இந்தக் கணக்கைப் போடக்கூடாது. 230 வோல்ட்டில் 1000 வாட் எடுக்கும் ஹீட்டர் 200 வோல்ட்டில் சுமார் 756 வாட்தான் எடுக்கும், சிமிட்டல் 40-க்கு இறங்கிவிடும். சாயங்காலம் வோல்டேஜ் விழும் தெருக்களில் இதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் மீட்டர் குறைவாக ஓடுகிறது என்று ஏமாந்துபோவார்கள். அதனால்தான் சொல்கிறேன், வோல்டேஜ், கரண்ட் இரண்டையும் கிளாம்ப் மீட்டரில் (வயரைக் கவ்வி அளக்கும் கைக்கருவி) காட்டி, வீட்டுக்காரர் முன்னால் சிமிட்டலை எண்ணிக் காட்ட உங்கள் ஊழியருக்குச் சில நிமிடம் போதும்.

டிஜிட்டல் மீட்டர் ஒருநாளும் தவறாது என்ற நம்பிக்கைக்கு உலக அனுபவமும் ஆதரவாக இல்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒன்பது மின்னணு மீட்டர்களை எடுத்துச் சோதித்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு எல்.இ.டி., சி.எஃப்.எல். விளக்குகளைப் போட்டபோது ஐந்து மீட்டர்கள் மிக அதிகமாகக் காட்டின. ஒன்று 582 சதவீதம் வரை போனது. 2017-இல் அது உலகச் செய்தியானது. அந்த லோடு வீடுகளில் வழக்கமாக இருப்பது அல்ல, அந்த மீட்டர்கள் நம் ஊர் மீட்டர்களும் அல்ல. நம் மீட்டர்கள் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. சோதிக்காமல் சான்று கொடுக்காதீர்கள் என்கிறேன்.

நேதாஜி மார்க்கெட்டில் வெங்காயம் எடை போடும் மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் அரசு முத்திரை வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் அந்த வியாபாரிக்கு அபராதம். வீட்டு மீட்டரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் மத்திய மின்சார ஆணைய விதிமுறைகள் சொல்கின்றன. வீட்டு மீட்டர்கள் மின்னணு வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்வதும் அதே விதிமுறைகள்தான். சக்கர மீட்டரைக் கழற்றுவதற்கு அந்த விதியைக் காட்டுகிறீர்கள். அதே தாளில் இருக்கும் ஐந்து வருட விதிப்படி மீட்டரைச் சோதிக்க ஆள் வந்ததை, நான் வேலை செய்த வீடுகளில் ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

2020-இல் வந்த மின் நுகர்வோர் உரிமை விதிகளும் தெளிவாக இருக்கின்றன. செலவுக்கு ஒத்துவராத ரீடிங் என்று புகார் வந்தால் 30 நாளுக்குள் மீட்டரைச் சோதிக்க வேண்டும். புகார் கொடுக்கும் நேரத்தில் சோதனைக் கட்டணம் கேட்கக்கூடாது. முடிவை நுகர்வோர் ஏற்காவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட வெளி நிறுவனத்தில் சோதிக்க வழி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. புகார் வந்த ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது. கொசப்பேட்டை அம்மாவிடம் இதில் ஒரு வரிகூட யாரும் சொல்லவில்லை.

அடுத்து ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது என்கிறீர்கள். இன்று டிஜிட்டல் மீட்டர் மாற்றத்தில் நடந்தது அன்றும் நடக்கும். கழற்றிய மீட்டரை சாக்கில் போட்டு எடுத்துப்போய்விடுவீர்கள். பழையது மெதுவாக ஓடியதா, புதியது வேகமாக ஓடுகிறதா என்று ஒப்பிட எங்களிடம் ஒரு பொருளும் இருக்காது. ஆதாரத்தை நீங்களே எடுத்துக்கொண்டு, ஆதாரம் எங்கே என்று எங்களைக் கேட்பது எப்படி நியாயமாகும்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

மனுவோடு வரும் எவரையும் வாய்ப்பதிலோடு திருப்பி அனுப்பாதீர்கள். மனுவை வாங்கி, தேதியும் எண்ணும் போட்ட ரசீது கொடுங்கள். 2024 திருத்தத்தின்படி ஐந்து நாளுக்குள் ஒப்பீட்டு மீட்டர் பொருத்துங்கள். இந்த உரிமையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு பிரிவு அலுவலகத்தின் வாசலிலும் ஒட்டுங்கள்.

மீட்டர் மாற்றும்போது கழற்றும் மீட்டரையும் மாட்டும் மீட்டரையும் வீட்டுக்காரர் முன்னால் ஒரே லோடில் ஓட்டிக் காட்டி, இரண்டின் எண்களையும் கடைசி ரீடிங்கையும் எழுதிக் கையெழுத்திட்டு ஒரு பிரதி கொடுங்கள். கழற்றிய மீட்டரை அடுத்த இரண்டு கணக்கீடு முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

புது மீட்டரில் எர்த் லைட் எரிந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். நியூட்ரலைப் பிரிக்க ஒரு மாத அவகாசம் கொடுங்கள். அந்த அவகாசத்துக்குள் பேஸ் கரண்டை வைத்தே பில் போடுங்கள். ஏற்கெனவே அப்படி அதிகம் கட்டிய வீடுகளைக் கண்டுபிடித்து, அந்தப் பணத்தை வரும் பில்களில் கழித்துவிடுங்கள். ரீடிங் எடுக்க வருகிறவர் கையில் அந்த விளக்கின் நிலையைக் குறிக்க ஒரு கட்டம் இருந்தால் இந்தக் கணக்கெடுப்பு இரண்டே மாதத்தில் முடியும்.

ரீடிங் 60 நாளைத் தாண்டினால் அந்தக் கூடுதல் நாட்களுக்கு ஏற்றபடி படிகளின் வரம்பையும் உயர்த்திக் கணக்கிட, கட்டணத்தை நிர்ணயிக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நீங்களே பரிந்துரை அனுப்புங்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஐந்து வருடத்துக்கு மேல் சோதிக்கப்படாத வீட்டு மீட்டர்கள் எத்தனை, அவற்றை எந்த மாதத்துக்குள் சோதித்து முடிப்பீர்கள் என்று பிரிவு வாரியாக வெளியிடுங்கள். அதை முடிக்கும்வரை வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டத் தொடங்காதீர்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று இந்த மடல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
வேலூர் வயர்மேன் ஒருவர்